தறி, தோணி, காப்புறுதி

மட்டக்களப்பு வாவிக் கரை முஸ்லிம்களின் பொருளாதார வரலாற்றை எழுத முற்பட்டவர்கள் வயலைப் பற்றியும் வாணிபத்தைப் பற்றியும் போதிய அளவு எழுதியிருக்கிறார்கள். போர்த்துக்கேயரால் துரத்தப்பட்ட 4000 முஸ்லிம்களைச் செனரத் மன்னன் 1626இல் மட்டக்களப்பில் குடியேற்றினான் என்று குவைரோஸ் பாதிரியார் எழுதி வைத்த செய்தி தொடக்கம், போடிமார், மரைக்காயர்மார், கடைத்தெருக்கள் வரை நமக்கு ஒரு சித்திரம் கிடைக்கிறது. அந்தச் சித்திரத்தில் நெசவாளியின் தறியும் மீனவனின் தோணியும் உண்டு. ஆனால் அந்தத் தறி உடைந்தபோது, தோணி கடலோடு போனபோது, இழப்பை யார் தாங்கினார்கள் என்ற கேள்வியை எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. காப்புறுதி என்பது கொழும்பு விவகாரம், நகரத்துக் கம்பனிகளின் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிடுகிறோம்.

ஒதுக்குவதற்கு ஒரு காரணமும் கைவசம் வைத்திருக்கிறோம். "நம்மட ஆக்கள் இன்சூரன்ஸத் தொடமாட்டாங்க, அது ஹறாம்." கந்தோர் உத்தியோகத்தர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன், நம்மிடையே படித்தவர்களும் அதையே சொல்கிறார்கள். இது பாதி உண்மை. மார்க்கத் தயக்கம் இருந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தத் தயக்கத்தைச் சோதித்துப் பார்க்கும் அளவுக்குக் கூட காப்புறுதி நமது தறிக் கொட்டிலை நோக்கி வரவில்லை என்பதுதான் மறுபாதி. அந்த மறுபாதியைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

முதலில் தறியைப் பார்ப்போம். வாவியின் தென்கோடிக்கு அண்டிய மருதமுனையில் நெசவு ஒரு தொழில் மட்டுமல்ல, ஊரின் சத்தமே அதுதான். ஒரு நெசவு வீட்டுக்குள் போய் "இது யாருடையது?" என்று கேட்டுப் பாருங்கள். வீடும் வளவும் மனைவிக்குச் சீதனமாக வந்தவை. கிழக்கிலே மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போகிறான். பாவும் ஊடையுமாகிய நூல் பெரும்பாலும் முதலாளியுடையது. தறி நெய்பவருடையதாக இருக்கும், அல்லது அதுவும் முதலாளி போட்டுக் கொடுத்ததாக இருக்கும், சில காலம் கூட்டுறவுச் சங்கத்துடையதாகவும் இருந்தது. ஒரே கொட்டிலுக்குள் மூன்று உடைமையாளர். காப்புறுதிச் சட்டத்தின் அடிப்படை விதியோ, ஒரு பொருள் அழிந்தால் தனக்குப் பண நட்டம் ஏற்படும் என்று காட்டக்கூடியவர் மட்டுமே அதைக் காப்புறுதி செய்யலாம் என்பது. தறி அழிந்தால் நெய்பவனின் அடுப்பு அணைந்துபோகும். அது ஊருக்குத் தெரியும். பத்திரத்தில் எழுதுவதற்கு அது போதாது.

இந்தத் தீவுக்கு நவீன காப்புறுதி வந்த வழியைப் பார்த்தால் இது வியப்பல்ல. பிரித்தானியர் காலத்தில் அது கோப்பித் தோட்டத்துக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் கொழும்புத் துறைமுகச் சரக்குக்கும் ஏஜன்சிக் கம்பனிகள் மூலம் வந்தது. 1961இல் காப்புறுதிக் கூட்டுத்தாபனச் சட்டம் நிறைவேறியது. 1962இல் ஆயுள் காப்புறுதியும் 1964இல் பொதுக் காப்புறுதியும் அரசின் ஏகபோகமாயின. தனியார் கம்பனிகள் மீண்டும் வந்தது 1980களின் பிற்பகுதியில். இந்த இடைக்காலத்தில் அரசு கிராமத்தை மறந்துவிட்டது என்று சொல்ல முடியாது. 1958இலேயே நெற்பயிர்க் காப்புறுதி பரீட்சார்த்தமாக ஆரம்பிக்கப்பட்டது. 1961இல் அதற்கொரு சட்டம். 1973இல் 27ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தனிச் சபை, அதில் நெல்லோடு பிற பயிர்களும் கால்நடைகளும் சேர்க்கப்பட்டன. ஆக படுவான்கரை வயலுக்கும் எருமைக்கும் சட்டத்தில் இடம் கிடைத்தது. எழுவான்கரையில் கடலுக்கும் வாவிக்கும் நடுவே குந்தியிருந்த தறிக்குக் கிடைக்கவில்லை. 1987இல் விவசாயிகளுக்கும் 1990இல் மீனவர்களுக்கும் ஓய்வூதியச் சட்டங்கள் வந்தன. அவை முதுமையையும் உடம்பையும் பற்றியவை, கருவியைப் பற்றியவை அல்ல. நெல் உணவு, துணி அவ்வளவு அவசரமில்லை என்று நினைத்தார்களோ என்னவோ. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாட்டின் நிழலில் கைத்தறிதான் நாட்டை உடுத்தியது என்பதை அந்தக் காலத்து ஆட்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

மார்க்க விவகாரத்துக்கு வருவோம். டமஸ்கஸ் நகரத்து ஹனபி அறிஞர் இப்னு ஆபிதீன் (மறைவு 1836) தனது காலத்துக் கப்பல் காப்புறுதியைப் பற்றி எழுதியிருக்கிறார். ஐரோப்பிய வணிகர் கப்பல் கூலிக்கு மேலாக ஒரு தொகையைக் கொடுத்துச் சரக்கு அழிந்தால் ஈடு பெறும் அந்த வழக்கத்தை அவர் ஸவ்கரா என்ற பெயராலேயே குறிப்பிடுகிறார். தன் மீது கடமையில்லாத பொறுப்பை ஒருவன் பணத்துக்காக ஏற்பது செல்லாது என்ற அடிப்படையில் அதை ஆட்சேபிக்கிறார். ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றும் வாவிக் கரைக்கு அவரது நூல் எவ்வளவு தூரம் வந்து சேர்ந்தது என்பது வேறு விஷயம். அதிலிருந்து ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து, 1985 டிசம்பரில் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹு அகடமி ஒரு தீர்மானத்துக்கு வந்தது. நிலையான கட்டுப்பணம் வாங்கும் வணிகக் காப்புறுதியில் நிச்சயமின்மை மிகுந்திருப்பதால் அது கூடாது; பரஸ்பர உதவியையும் நன்கொடையையும் அடிப்படையாகக் கொண்ட கூட்டுறவுக் காப்புறுதி கூடும். சூடானில் 1979இலேயே அத்தகைய கம்பனி தொடங்கியிருந்தது. மலேசியா 1984இல் தகாபுல் சட்டம் இயற்றியது. நமது நாட்டில் முதலாவது தகாபுல் நிறுவனமான அமானா தகாபுல் 1999இல் வந்தது.

தகாபுலை விளக்குபவர்கள் ஆகிலா முறையை உதாரணம் காட்டுவார்கள்: ஒருவர் தவறுதலாகச் செய்த கொலைக்கான ஈட்டுத் தொகையை அவரது உறவுக் கூட்டம் பகிர்ந்து செலுத்தும் பழைய அரபு வழக்கம், இஸ்லாம் ஏற்றுக்கொண்டது. எனக்கு இதை வாசிக்கும்போதெல்லாம் நமது குடி முறைதான் நினைவுக்கு வரும். தாய் வழியாக வரும் குடி, குடிக்கொரு மரைக்காயர், பள்ளிவாசலில் அந்தக் குடியின் சார்பில் அவர். மையித்துக்குச் சேர்ந்து செலவு செய்தோம், கந்தூரிக்குச் சேர்ந்து செலவு செய்தோம். ஜனாஸா சங்கங்கள் இன்றும் மாதாமாதம் பணம் சேர்க்கின்றன. தறிக்கென்று ஒரு நிதி சேர்த்த சங்கம் ஒன்றைப் பற்றி நான் கேள்விப்பட்டதில்லை. சேர்ந்து தாங்கும் பழக்கம் நம்மிடம் இல்லாமலில்லை. அது மரணத்தோடு நின்றுவிட்டது.

1978 நவம்பர் 23 இரவு வந்த சூறாவளி இந்தப் பிரதேசத்தின் கருவிகளை ஒரே இரவில் கணக்குப் பார்த்தது. மாவட்டத்தின் தென்னந்தோட்டங்களில் பத்தில் ஒன்பது பங்கு அழிந்தது. மட்டக்களப்பின் மீன்பிடிப் படகுகளில் ஐந்தில் ஒன்று இல்லாமற் போனது. எங்கள் வாப்பாவுக்கு அப்போது இரண்டு தறிகள். கொட்டிலின் கூரை பறந்து சுவர் தறிகளின் மேல் விழுந்தது. உம்மா ஓடும்போது எடுத்துக்கொண்டது பாயில் சுற்றிய அச்சு ஒன்றையும் நாடாக்கள் இரண்டையும்தான், நகையை மறந்துவிட்டார். மரச்சட்டத்தை ஊர்த் தச்சன் திரும்பவும் செய்வான், அச்சுக்குக் காசு வேண்டும் என்று பிறகு விளக்கம் சொன்னார். எங்களுக்கு நிவாரணமாக அரிசியும் சீனியும் கிடைத்தன. தறிக்கு எதுவும் கிடைக்கவில்லை, கேட்கவேண்டும் என்று எவருக்கும் தோன்றவுமில்லை.

ஒரு பேச்சுக்கு, வாப்பா தீக் காப்புறுதி எடுத்திருந்தார் என்றே வைத்துக்கொள்வோம். அதனால் என்ன கிடைத்திருக்கும்? சாதாரண தீக் காப்புறுதிப் பத்திரம் நெருப்பையும் மின்னலையும் ஏற்கும். சூறாவளியும் வெள்ளமும் வேண்டுமென்றால் மேலதிகப் பணம் கட்டிச் சேர்க்க வேண்டும். கலவரமும் அப்படியே. யுத்தம், உள்நாட்டு யுத்தம், கிளர்ச்சி ஆகியவை அடியோடு விலக்கப்பட்டவை. நமது கரையில் தறியையும் தோணியையும் கொண்டுபோனவற்றின் பட்டியலை எடுத்து இதன் பக்கத்தில் வையுங்கள்: 1978இல் காற்று, 1985 ஏப்ரலில் இனக்கலவரம், 1990இல் யுத்தம், 2004இல் கடல். நெருப்பு வந்தபோதும் அது அடுப்பிலிருந்து வரவில்லை, யாரோ வைத்ததாகவே வந்தது. 1983 யூலைக்குப் பிறகு வெளிநாட்டு மீள்காப்புறுதியாளர்கள் கலவர ஆபத்தை ஏற்கத் தயங்கியதால் 1980களில் அரசே அதற்கொரு நிதியத்தை உருவாக்கியது; பின்னர் அது 2006ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் கீழ் வந்தது. ஆனால் அந்த நிதியத்தின் கதவு, முதலில் தீக் காப்புறுதிப் பத்திரம் உள்ளவனுக்கே திறக்கும். கொழும்புக் கடைக்காரர் பயனடைந்தார். 1990 ஆகஸ்டில் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் உயிர்களை எண்ணிக்கொண்டிருந்த ஊர்கள் கருவிகளை எண்ணவில்லை. வாவியின் மறுபக்கத் தமிழ்க் கிராமங்களின் தோணிகளும் வலைகளும் போன கணக்கும் அவ்விதமே எழுதப்படாமல் கிடக்கிறது.

1990களின் கடைசியில் ஒரு கம்பனியின் முகவர், நம்மூர்ப் பொடியன்தான், எங்கள் வீட்டுக்கு வந்தார். வாப்பாவிடம் நடந்த விசாரணை இப்படி இருந்தது.

"மாமா, தறி வாங்கின ரிசிட் இருக்கா?"

"தச்சன் ரிசிட் தாறதில்ல, மனே."

"கொட்டில் கல்லா, கிடுகா?"

"கிடுகு. கல்லுக் கட்டினா வெக்கையில பாவு அறும்."

"அப்ப கஷ்டம், மாமா. வீட்டச் செய்வமா? வீடு மாமிட பேர்லதானே?"

வாப்பா சிரித்துவிட்டு அவருக்குத் தேநீர் போடச் சொன்னார். அந்தப் பொடியனைக் குறை சொல்ல மாட்டேன், அவர் கையிலிருந்த படிவம் அப்படி. கிடுகுக் கூரைக்குக் கட்டுப்பணம் அதிகம், அல்லது ஏற்கவே மாட்டார்கள். இருபது வருடத் தறிக்குத் தேய்மானம் கழித்தால் மிஞ்சுவது விறகு விலை. கட்டுப்பணத்தைக் குறைக்கப் பெறுமதியைக் குறைத்து எழுதினாலும் ஆபத்து: ஒரு லட்சம் ரூபாய்ப் பொருளை 50,000 ரூபாய்க்குக் காப்புறுதி செய்து 40,000 ரூபாய் நட்டம் வந்தால், பாதிப் பெறுமதிக்குத்தானே காப்புறுதி என்று 20,000 ரூபாய்தான் தருவார்கள். இதைச் சராசரி விதி என்பார்கள். இந்த விதி தெரியாமல் கையொப்பமிட்ட கடைக்காரர்கள் நம்மில் எத்தனை பேர் என்று கேட்டுப் பார்க்கலாம்.

வாவிக் கரையில் காப்புறுதி உள்ள உழைப்புக் கருவி ஒன்றே ஒன்றுதான் எனக்குத் தெரிந்து பரவலாக இருக்கிறது, ஓட்டோ. 1951ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயப்படுத்துவதால் ஓட்டோக்காரர் கட்டுகிறார்; அப்போது ஹறாமா ஹலாலா என்று யாரும் நின்று யோசிப்பதில்லை. ஆனால் சட்டம் கேட்பது மூன்றாந்தரப்புக் காப்புறுதி. ஓட்டோ மோதி அடுத்தவருக்கு வந்த பாதிப்பை அது ஏற்கும். அந்த ஓட்டோவே நொறுங்கிப்போனால் அதற்கு ஒரு சதமும் வராது.

2004 டிசம்பர் 26 ஞாயிறு காலை கடல் வந்தது. நாட்டின் மீன்பிடிப் படகுகளில் பாதிக்கும் மேல் அழிந்தன அல்லது சேதமடைந்தன. மருதமுனையின் கரையோரத் தறிகள் நூலோடும் துணியோடும் போயின. காப்புறுதிப் பணம் பெரும்பாலும் தெற்கு ஹோட்டல்களுக்கும் பெரிய வர்த்தக நிலையங்களுக்கும் போனது. நமது கரைக்கு வந்தது நன்கொடை. அதைப் பழிப்பது நன்றிகெட்டதனம். ஆனால் நன்கொடைக்கும் பட்டியல் தேவைப்பட்டது, பட்டியலுக்கு அத்தாட்சி தேவைப்பட்டது. 1996ஆம் ஆண்டின் கடற்றொழில் சட்டப்படி பதிவு செய்த படகுக்கு ஓர் இலக்கம் இருந்தது. ஒருவர் அந்த இலக்கம் எழுதிய பலகைத் துண்டைக் கரையில் கண்டெடுத்து, தோளில் வைத்துக்கொண்டு கந்தோருக்குப் போனதை நானே கண்டேன். வாவியில் வீச்சு வலை வீசுகிறவரின் சின்னத் தோணிக்கு இலக்கம் இல்லை. தறிக்கும் இல்லை. சிலருக்கு இரண்டு படகு கிடைத்தது, கடலுக்கே போகாதவருக்கும் கிடைத்தது, தறிக்காரருக்கு யாரோ ஒரு தையல் மெஷின் கொடுத்தார்கள். அப்போது தகாபுல் நாட்டுக்கு வந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. மார்க்கத் தடை நீங்கிய பிறகும் தறிக் கொட்டில்கள் முன்போலவே இருந்தன என்பதை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

2016 ஏப்ரலில் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் இயற்கை அனர்த்தக் காப்புறுதித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. தனியாட்கள் கட்டுப்பணம் கட்டத் தேவையில்லை, அரசே கட்டியது. வீடுகளுக்கும் சிறு வியாபாரங்களுக்கும் 25 லட்சம் ரூபாய் வரை நட்டஈடு என்று அறிவிக்கப்பட்டது. பத்திரம் இல்லாத மனிதரையும் உள்ளே எடுத்த முதலாவது பெரிய திட்டம் என்ற வகையில் இது முக்கியமானது. செய்தியை வாசித்த மருதமுனை நண்பர் ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். தறி வீட்டுக்குள் கிடக்கிறது, வீடு மனைவியின் பெயரில், பாவில் ஏற்றியிருப்பது முதலாளியின் நூல். வெள்ளம் வந்தால் இந்தத் தறியை எந்தப் படிவத்தில் எழுதுவது, வீட்டுச் சாமானிலா, வியாபாரச் சாமானிலா? நான் பிரதேச செயலகத்தில் விசாரித்தேன். அங்கிருந்த உத்தியோகத்தர் படிவத்தை இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தார். இரண்டிலும் எழுதாமல் முதலில் கிராம சேவகரிடம் ஒரு கடிதம் எடுத்து வரச் சொன்னார், அந்தக் கடிதத்தில் தறி யாருடையது என்று தெளிவாக இருக்க வேண்டும் என்றார்.