மூன்று லட்ச ரூபாயின் வரலாறு



யாருடைய நினைவாக இந்த உரை நடக்கிறதோ அந்த ஆசிரியரை அறிந்தவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். அரசாங்கம் நமக்காக ஏதாவது அறிவித்தது என்று யாராவது சந்தோஷமாகச் செய்தித்தாளை நீட்டினால், அவர் முதலில் கேட்பது: "எத்தனை ரூபாய்? யார் கையில் கொடுக்கிறான்?" அதற்குப் பிறகுதான் படிப்பார். அந்தக் கேள்வியோடுதான் நானும் இன்று வந்திருக்கிறேன். ஒன்றிய அரசின் அண்மைக்காலக் கொள்கைகளால் நம் ஊர்களுக்கு, நம் சேரிகளுக்குக் கிடைத்த பலன் என்ன என்று பேசச் சொன்னார்கள். திட்டங்களின் பெயர்களை வரிசையாகச் சொன்னால் ஒரு மணி நேரம் போய்விடும், ஒன்றும் மிஞ்சாது. அதனால் ஒரே ஒரு திட்டத்தை எடுத்துக்கொள்கிறேன். பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பட்டியல் சாதி மாணவர்களுக்கான கல்வி உதவித்தொகை. போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப் என்று நாம் எல்லோரும் சொல்வது. இந்த அரங்கில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப்பேராவது அந்தப் பணத்தில் படித்தவர்கள்தான், நானும்தான்.

சென்னை மாகாணத்தில் நம் கல்விக்கு அரசு காசு ஒதுக்கியது இதற்கு வெகுகாலம் முன்பே தொடங்கிவிட்டது. 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் கொடுத்த அறிக்கையைப் பஞ்சமி நிலத்தோடு மட்டும் சேர்த்து நாம் நினைவில் வைத்திருக்கிறோம். 1893 பிப்ரவரியில் பஞ்சமர் பள்ளிகளை ஊக்குவிக்கும் அரசாணை வந்தது. பிறகு தொழிலாளர் ஆணையர் அலுவலகம் உருவாகி, அதன்கீழ் பள்ளிகள் நடந்தன. நம் தாத்தாக்கள் 'லேபர் ஸ்கூல்' என்று சொன்னது அதைத்தான். ஆனால் இவையெல்லாம் எழுத்துக் கூட்டிப் படிப்பதற்கான ஏற்பாடுகள். கல்லூரிக்குப் போவதற்கு, அதிலும் அறிவியலும் பொறியியலும் படிப்பதற்கு, யாரும் நமக்குக் காசு வைக்கவில்லை.

அதை வைக்கச் சொன்னவர் அம்பேத்கர். 1942 ஜூலையில் நாகபுரியில் பட்டியல் சாதிகள் கூட்டமைப்பைத் தோற்றுவித்த மாநாடு நடந்தது. அதற்குத் தலைமை தாங்கியவர் நம் சென்னையைச் சேர்ந்த என். சிவராஜ். அதே மாதத்தில் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக அம்பேத்கர் பொறுப்பேற்றார். அக்டோபர் 29ஆம் நாள் வைஸ்ராய் லின்லித்கோவிடம் ஒரு கோரிக்கை மனுவைக் கொடுத்தார். பட்டியல் சாதியினரின் குறைகளைப் பட்டியலிட்ட மனு அது. தோழர்கள் அதைத் தேடிப் படிக்க வேண்டும். அதில் இரக்கத்தைக் கேட்கும் தொனியே கிடையாது. கணக்குதான் இருக்கிறது. பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்துக்கும் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்துக்கும் நடுவண் அரசு ஆண்டுதோறும் மூன்று மூன்று லட்ச ரூபாய் கொடுக்கிறதே, எங்களுக்கு என்ன கொடுத்தாய் என்பதுதான் வாதம். ஆண்டுக்கு மூன்று லட்சம் கேட்டார். பணத்தின் பெரும்பகுதி அறிவியல், தொழில்நுட்பப் படிப்புகளுக்கு என்றும், ஒரு பகுதி வெளிநாட்டுக்கு அனுப்பிப் படிக்க வைப்பதற்கு என்றும் பிரித்தும் சொன்னார். எழுத்தர் வேலைக்கு ஆள் தயாரிப்பது அவர் நோக்கமாக இருக்கவில்லை. முடிவெடுக்கும் நாற்காலிகளில் நம்மவர் உட்கார வேண்டும் என்பதே நோக்கம்.

1944இல் திட்டம் தொடங்கியது. உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலம். வங்காளத்தில் பஞ்சத்தில் மக்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் காலனி அரசிடமிருந்து பெற்றதுதான் இது. விடுதலைக்குப் பிறகு பழங்குடியினரும் இதற்குள் கொண்டுவரப்பட்டனர். தொடக்கத்தில் எல்லாமே டெல்லியிலிருந்து நடந்தது; விண்ணப்பம் பெருகியதும் நடத்தும் பொறுப்பு மாநிலங்களின் கைக்கு வந்தது.

இனி வருவதுதான் சிக்கலான பகுதி. மாணவ நண்பர்கள் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், ஏனென்றால் நம் தலைமுறையின் கழுத்தை இறுக்கியது ஒரு கணக்குமுறை, எந்தத் தலைவரின் பேச்சும் அல்ல. 'கமிட்டட் லயபிலிட்டி' என்று அதற்குப் பெயர். மாநிலத்தின் கட்டாயப் பொறுப்பு என்று சொல்லலாம். ஓர் ஐந்தாண்டுத் திட்டத்தின் கடைசி ஆண்டில் ஒரு மாநிலம் இந்த உதவித்தொகைக்கு 100 ரூபாய் செலவழித்தது என்று வையுங்கள். அடுத்த ஐந்தாண்டுத் திட்டம் முழுவதும் ஒவ்வோர் ஆண்டும் அந்த முதல் 100 ரூபாயை மாநிலமே போட வேண்டும். செலவு 130 ஆனால், மேலே உள்ள 30ஐ மட்டும் ஒன்றிய அரசு கொடுக்கும். அடுத்த திட்டம் வரும்போது அந்த 130 மாநிலத்தின் தலையில் ஏறிவிடும். நம் பிள்ளைகள் எவ்வளவு அதிகமாகக் கல்லூரிக்குப் போகிறார்களோ அவ்வளவு பாரம் மாநிலத்துக்கு. காகிதத்தில் இது நூறு விழுக்காடு ஒன்றிய அரசின் திட்டம்!

2017 மார்ச்சில் பன்னிரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் முடிந்தது. திட்டக் குழுவைத்தான் ஏற்கெனவே கலைத்துவிட்டார்களே, அடுத்த ஐந்தாண்டுத் திட்டம் என்ற ஒன்றே வரவில்லை. ஆனால் மாநிலங்களின் கட்டாயப் பொறுப்பு மட்டும் பழைய முறையில் கணக்கிடப்பட்டு அவற்றின் தலையில் உட்கார்ந்தது. 2012க்கும் 2017க்கும் இடையில் பொறியியல் கல்லூரிகளில் நம் மாணவர் எண்ணிக்கை கூடியிருந்தது; அதற்கேற்ப மாநிலத்தின் பாரமும் பெரிதாகியிருந்தது. ஒன்றிய அரசின் பங்கு மொத்தச் செலவில் பத்து விழுக்காட்டின் அருகே வந்து நின்றது. 2017-18 முதல் 2019-20 வரை ஆண்டுக்குச் சுமார் 1,100 கோடி ரூபாய். இந்தியா முழுமைக்கும்.

மாநிலங்கள் கையை விரித்தன. பஞ்சாபில் கட்டணப் பாக்கியைக் காரணம் காட்டி மாணவர்களின் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைத்துக்கொண்டன. மேலாண்மை ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுக்கு இந்த உதவி கிடையாது என்று 2018இன் நெறிமுறை வெட்டியது. நம் மாநிலத்தில் தனியார் பொறியியல் கல்லூரிகளுக்கு முதல் தலைமுறையாகப் போன பிள்ளைகளில் பலர் அந்த வழியாகத்தான் நுழைந்தவர்கள். அந்தக் கல்லூரிகளின் தரம் பற்றி எனக்கு மாற்றுக் கருத்து உண்டு, அது வேறு பேச்சு. கதவு மூடப்பட்டது என்பதுதான் இங்கே விஷயம்.

பணம் தாமதமானால் என்ன ஆகும் என்பதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. இளங்கலை இரண்டாம் ஆண்டில் கட்டணம் வரவில்லை என்று எங்கள் ஏழு பேரின் பெயரை மட்டும் தேர்வுக்கூட நுழைவுச்சீட்டு கொடுக்கும் இடத்தில் ஒரு காகிதத்தில் எழுதி ஒட்டினார்கள். வகுப்பில் யார் யார் நம் ஆட்கள் என்று தெரியாமலிருந்தவர்களுக்கும் அன்றைக்குத் தெரிந்துபோயிற்று. பணம் மூன்று வாரத்தில் வந்தது. அந்தக் காகிதத்தை யாரும் வந்து கிழிக்கவில்லை. ஹைதராபாத்தில் ரோஹித் வெமுலா 2016 ஜனவரியில் நம்மைவிட்டுப் போனபோது அவருக்கு ஏழு மாத ஆய்வு உதவித்தொகை வரவேண்டியிருந்தது, 1,75,000 ரூபாய். அது வேறு திட்டத்துப் பணம். ஆனால் சாவுக்கு முன் எழுதிய கடிதத்திலும் ஒருவர் பாக்கியைக் கணக்கிட்டுச் சொல்ல வேண்டியிருந்தது என்பதை நாம் மறக்கக் கூடாது.

2020இல் பல மாநிலங்களில் திட்டமே நின்றுபோகும் நிலை வந்தது. தலித் அமைப்புகள் கூக்குரல் எழுப்பின, மாநிலங்களும் கேட்டன. அந்த ஆண்டு டிசம்பர் 23ஆம் நாள் ஒன்றிய அமைச்சரவை முடிவெடுத்தது. கட்டாயப் பொறுப்பு முறை ஒழிந்தது. செலவில் 60 விழுக்காடு ஒன்றிய அரசு, 40 மாநிலம் என்றானது. மொத்தம் 59,048 கோடி ரூபாய், அதில் ஒன்றிய அரசின் பங்கு 35,534 கோடி. ஆண்டுக்கு 1,100 கோடி என்றிருந்தது சுமார் 6,000 கோடியாகும் என்றும், பத்தாம் வகுப்போடு நின்றுவிடும் மிக ஏழைகளான 1.36 கோடிப் பிள்ளைகளை ஐந்தாண்டில் உயர்கல்விக்குள் கொண்டுவருவோம் என்றும் சொன்னார்கள்.

தோழர்களே, இது நல்ல முடிவு. இதைச் சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. இந்த அரசின் மற்றக் கொள்கைகளை நாம் எதிர்க்கிறோம் என்பதற்காக ஒரு கணக்குமுறையின் கொடுமை நீங்கியதை இல்லை என்று சொன்னால், நாளைக்கு நாம் சொல்லும் எதையும் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் மூன்றாண்டு நெரித்த கையை எடுத்ததற்குப் பெயர் கொடை அல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்த மூன்றாண்டில் படிப்பை விட்டவர்கள் திருப்பூருக்கும் ஓசூருக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள். அவர்களுக்குப் பாக்கி கொடுக்க எந்தத் திட்டத்திலும் தலைப்பு இல்லை.

இனி நம் ஆசிரியரின் இரண்டாவது கேள்விக்கு வருவோம். யார் கையில் கொடுக்கிறார்கள்? 2021-22 முதல் ஒன்றிய அரசின் 60 விழுக்காடு, மாநிலம் தன் பங்கை விடுவித்த பிறகு, நேராக மாணவரின் வங்கிக் கணக்குக்கு வருகிறது. அதிகாரிக்கும் கல்லூரிக்கும் இடையில் காணாமல் போன பணத்தைப் பார்த்தவர்கள் இதை வரவேற்கிறார்கள், நியாயம்தான். ஆனால் கல்விக்கட்டணமும் இப்படித்தான் வருகிறது. பருவத் தொடக்கத்தில் கல்லூரி கட்டணம் கேட்கிறது, பணம் ஆண்டுக் கடைசியில் வருகிறது, அதற்குள் வீட்டில் வட்டிக்கு வாங்கியிருப்பார்கள். மழைக்குக் கூரை ஒழுகும் வீட்டில், ஒரு நாள் திடீரென்று வந்து நிற்கும் பணத்தைக் கல்லூரிக்கென்று பத்திரமாக வைத்திருக்கச் சொல்வது எளிது. கணக்கோடு ஆதார் இணையவில்லை என்றால் அதுவும் வராது. இரண்டு கணக்கு வைத்திருக்கும் பிள்ளைக்கு எந்தக் கணக்கில் விழுந்தது என்பதே தெரியாமல் அலைந்ததை நான் பார்த்திருக்கிறேன். கட்டணத்தை முன்கூட்டிக் கேட்காமல் சேர்த்துக்கொள்ள நெறிமுறையில் 'ஃப்ரீஷிப் கார்டு' என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. இந்த அரங்கில் எத்தனை பேர் அதைக் கண்ணால் பார்த்திருக்கிறீர்கள்? கையைத் தூக்குங்கள். சரி.

முதல் கேள்வியும் இன்னும் முடியவில்லை. எத்தனை ரூபாய்? கட்டணம் தவிர்த்துப் பராமரிப்புப் படி என்று ஒன்று உண்டு. 2021 நெறிமுறைப்படி விடுதியில் தங்கி மருத்துவம், பொறியியல் படிப்பவருக்கு ஆண்டுக்கு 13,500. சாதாரணப் பட்டப்படிப்பு என்றால் 6,000. பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு என்றால் 4,000. வீட்டிலிருந்து போய் வரும் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு ஆண்டுக்கு 2,500. மாதம் 208 ரூபாய். ஒரு நாள் கூலியைவிடக் குறைந்த பணத்தில் ஒரு மாதம். நான் முன்பு சொன்ன அந்த 1.36 கோடிப் பிள்ளைகள், பத்தாவதோடு நின்றுவிடுபவர்கள், அவர்களை உள்ளே இழுக்க வேண்டிய தொகை இந்த 208தான்.

குடும்ப வருமான வரம்பு ஆண்டுக்கு இரண்டரை லட்சம். 2013இல் வைத்த வரம்பு அது. மாதம் 20,833 ரூபாய்க்குமேல் ஒரு குடும்பம் சம்பாதித்தால் பிள்ளைக்கு உதவி கிடையாது. நகராட்சியில் நிரந்தரப் பணி கிடைத்த ஒரு தூய்மைப் பணியாளரின் மகள் இந்த வரம்பைத் தாண்டிவிடுவாள். இதே நாட்டில், 2019இல், பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினர் என்று முன்னேறிய சாதியினருக்குப் பத்து விழுக்காடு ஒதுக்கீடு கொடுத்தபோது, ஏழை என்பதற்கான வரம்பு எட்டு லட்சம். அம்பேத்கர் 1942இல் பனாரஸையும் அலிகரையும் பக்கத்தில் வைத்துக் கேட்டாரே, அதே கேள்வியை இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துக் கேட்கலாம்.

கிறிஸ்தவத்துக்குப் போன நம் சொந்தங்களைப் பற்றி ஒரு வார்த்தை. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி என்றால் முதலில் இந்து மட்டும். 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவ தலித்துகளுக்கு இந்த 60:40 கணக்கில் இடமே இல்லை. தமிழ்நாட்டில் மதம் மாறிய ஆதிதிராவிடர் பிள்ளைகளுக்கு மாநிலம்தான் தன் பணத்திலிருந்து கொடுத்துவருகிறது. ஒரே தெருவில், ஒரே சுடுகாட்டுப் பாதைக்காக ஒன்றாக அடிவாங்கிய இரண்டு குடும்பங்கள் டெல்லியின் கணக்கில் வேறு வேறு ஆட்கள்.

இதையெல்லாம் ஊர்தோறும் எழுதிவைக்க வேண்டும் என்று மாணவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் தெருவில் எந்த ஆண்டு யார் முதலில் கல்லூரிக்குப் போனார், எவ்வளவு பணம் வந்தது, எந்த மாதம் வந்தது, வராதபோது யாரிடம் கடன் வாங்கினார்கள். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். நம் ஆசிரியரிடம் அப்படி ஒன்று இருந்தது. பச்சை அட்டை போட்ட கணக்கு நோட்டு; தன்னிடம் படித்தவர்களின் உதவித்தொகை வந்த தேதிகளை அதில் எழுதி வைத்திருந்தார். கடைசிப் பக்கங்களில் பல பெயர்களுக்கு எதிரே தேதி இல்லாமல் கோடு மட்டும் போட்டிருக்கிறார்.

2020 டிசம்பரில் கிடைத்த ஒப்புதல் 2025-26 வரைக்கும்தான். அதற்கடுத்த கணக்கில் அந்த 2,500க்கும் இரண்டரை லட்சத்துக்கும் பதிலாக என்ன எண்களை எழுதப்போகிறார்கள் என்பதை நாம் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கேள்விகள் இருந்தால் இப்போது கேட்கலாம். முதலில் பின்வரிசையில் இருப்பவர்கள்.