எல்லைக் கல்லும் பாண்டியன் காலும்

திருச்சபையின் ஆட்சிமொழியில் இன்று வழங்கும் சொற்களுள் பல உரோமைப் பேரரசு விட்டுச் சென்றவை. மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் அரசாண்ட தியோக்ளேசியன் தன் பரந்த நாட்டைச் சிறுசிறு மாகாணங்களாகப் பகுத்தான். அவனுடைய சீர்திருத்தங்களின் வழியே, மாகாணங்கள் பலவற்றை உள்ளடக்கிய ‘தியோசேசிஸ்’ என்னும் பெரும்பிரிவு உருவாயிற்று. வரி தண்டவும் ஆட்சி நடத்தவும் வசதியாக வகுக்கப்பட்ட பிரிவு அது. கி.பி. 303 முதல் கிறிஸ்தவர்களைக் கொடுமையாக வதைத்த அதே மன்னனின் ஆட்சியேட்டுச் சொல்லைத்தான் திருச்சபை எடுத்துத் தனதாக்கிக்கொண்டது. அதனையே நாம் தமிழில் மறைமாவட்டம் என்கிறோம்.

சொல் கடனாக வந்தது, பொருள் அவ்வாறன்று. ஆயர்களின் மேய்ப்புப்பணி குறித்து இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட ஏடு, மறைமாவட்டத்தை ஒரு நிலப்பரப்பாக வரையறுக்கவில்லை. ஆயரிடம் ஒப்படைக்கப்பட்ட இறைமக்களின் ஒரு பகுதி என்றே அதனைக் காண்கிறது. மக்கள் முதலில், நிலம் அதன் பிறகு. மேய்ப்புப்பணிக்கு உதவும் அளவில்தான் எல்லைக்கு மதிப்பு உண்டு. இவ்வுண்மையை முதலில் நம் குமரி மண்ணின் வரலாற்றோடும், பின்னர்த் தூய சவேரியார் நடந்த மற்றொரு தொலைதூரக் கரையின் வரலாற்றோடும் பொருத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான்கு நிலமும் ஒரு நீரும்

ஏறத்தாழ 1,672 சதுர கிலோமீட்டர் பரப்பே கொண்டது நம் மாவட்டம். எனினும் மலையும் காடும் வயலும் கடலும் ஒருநாள் நடைக்குள் அடங்கும் நிலம் இது. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இதனைத் தேடி வருகின்றன. கிழக்கே தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்கள் அடங்கிய நாஞ்சில் நாடு. நெல் விளையும் மருத நிலம். மேற்கே கல்குளம், விளவங்கோடு வட்டங்கள். மேடும் பள்ளமுமாகத் தென்னையும் இரப்பரும் மரச்சீனியும் வளரும் செம்மண் பூமி. தெற்கே கடற்கரை நெடுகிலும் நெய்தல் ஊர்கள். ஒவ்வொரு பகுதியின் பேச்சும் உணவும் வேறு. மேற்கே செல்லச் செல்லத் தமிழோடு மலையாளத்தின் இசை கலந்து ஒலிக்கும்.

இத்தனை வேறுபாடுகளையும் நம் முன்னோர் ஒரு நீரால் பிணைத்தனர். மேற்கே மலையிலிருந்து இறங்கும் பரளியாற்றின் நீரைப் பொன்மனையில் அணையிட்டுத் தடுத்து, நாஞ்சில் நாட்டின் பழையாற்றில் கொண்டு சேர்ப்பது பாண்டியன் கால். பாண்டிய மன்னன் ஒருவன் வெட்டுவித்தான் என்பது மரபு. இயற்கை இரண்டாக வகுத்த ஆற்றுப்படுகைகளை மனித உழைப்பு ஒன்றாக்கியது. பின்னர்த் திருவிதாங்கூர் அரசு 1906இல் முடித்த பேச்சிப்பாறை அணையின் நீரும் இந்த இணைப்பிற்கு வலுவூட்டியது. நாஞ்சில் நாட்டான் உண்ட சோற்றில் மேற்கு மலையின் நீர் இருந்தது.

மன்னர் வரைந்த கோடும் மக்கள் கேட்ட கோடும்

நீர் இணைத்த நிலத்தை அரசுகள் பலமுறை பிரித்தன. வேணாட்டுக்கும் பாண்டி நாட்டுக்கும் இடையே நாஞ்சில் நாடு நெடுங்காலம் வாயில் நிலமாக இருந்தது. அவ்வாயிலின் கதவு ஆரல்வாய்மொழிக் கணவாய். திருவிதாங்கூர் அரசு கோட்டை கட்டிக் காத்த எல்லை அது. நீலகண்ட பிள்ளை என்னும் அரசு அலுவலர் திருமுழுக்குப் பெற விரும்பியபோது, அந்த எல்லையைக் கடந்து பாண்டி நாட்டு வடக்கன்குளத்திற்குச் செல்ல வேண்டியிருந்தது. அங்கே 1745இல் இயேசு சபைக் குரு புத்தாரியிடம் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1752ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் அதே எல்லையோரக் காற்றாடிமலையில் கொல்லப்பட்டார். 2022ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் திருச்சபை அவரைப் புனிதர் என அறிவித்தது. ஓர் அரசின் எல்லை அவருடைய நம்பிக்கையின் எல்லையாக இருக்க இயலவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் மக்களே ஒரு கோட்டைக் கேட்டுப் போராடினர். மார்ஷல் நேசமணியின் தலைமையில் திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ், தமிழ் பேசும் வட்டங்களைத் தமிழகத்தோடு இணைக்க வேண்டும் என்றது. 1954 ஆகஸ்டு 11ஆம் நாள் நடந்த துப்பாக்கிச்சூட்டில் உயிர்கள் பலியாயின. 1956 நவம்பர் முதல் நாள் நான்கு வட்டங்களும் கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழகத்தோடு இணைந்தன. தாய்மொழியில் கற்கவும் ஆட்சியிடம் பேசவும் வழி பிறந்தது. அக்கோடு நியாயமானது, அதற்காகச் சிந்தப்பட்ட குருதி மதிக்கத்தக்கது.

எனினும் நியாயமான கோடும் விலை கேட்கும். நெய்யாற்றின் இடதுகரைக் கால்வாய் விளவங்கோடு வட்டத்து நிலங்களுக்கு நீர் தந்தது. அணை கேரளத்தில்; கால்வாயின் கடைப்பகுதி தமிழகத்தில். 2004இல் அந்நீர் நிறுத்தப்பட்டது. 2012இல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தை நாடியது. பாண்டியன் கால் கடந்து சேர்த்த வகையான ஓர் எல்லையை, நம் காலத்துக் கால்வாயால் கடக்க முடியாமல் போயிற்று.

ஒரு மாவட்டம், பல ஆயர்கள்

திருச்சபையின் கோடுகளுக்கு வருவோம். கொல்லம் மறைமாவட்டத்திலிருந்து பிரிந்து, 1930 மே 26ஆம் நாள் திருத்தந்தை பதினொன்றாம் பயஸ் கோட்டாறு மறைமாவட்டத்தை நிறுவினார். லாரன்ஸ் பெரைரா ஆண்டகை அதன் முதல் ஆயர். 1937இல் திருவனந்தபுரம் தனி மறைமாவட்டமாயிற்று. 1996இல் சீரோ மலபார் வழிபாட்டு முறையினருக்குத் தக்கலையும், சீரோ மலங்கரை முறையினருக்கு மார்த்தாண்டமும் மறைமாவட்டங்களாயின. 2014 டிசம்பர் 22ஆம் நாள் கோட்டாற்றின் மேற்குப் பகுதிப் பங்குகளைக் கொண்டு குழித்துறை மறைமாவட்டம் உருவாயிற்று. இவையன்றி, மாவட்டத்தின் மேற்கு முனையிலுள்ள தூத்தூர் வட்டாரக் கடற்கரைப் பங்குகள் திருவனந்தபுரம் இலத்தீன் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. ஆக, ஒரே மாவட்ட ஆட்சியரின் கீழ் வாழும் கத்தோலிக்க மக்கள் ஐந்து ஆயர்களின் மேய்ப்புப்பணியில் உள்ளனர்.

இது குறையா? மேய்ப்பன் தன் ஆடுகளைப் பெயர் சொல்லி அழைக்க வேண்டுமெனில் மந்தை அவன் குரல் எட்டும் அளவில் இருத்தல் வேண்டும். கீழைத் திருச்சபைகளின் வழிபாட்டு மரபுகள் தத்தம் உரிமையோடு வாழ வேண்டும் என்பதும் சங்கத்தின் போதனையே. ஆகவே பிரிவு வரமாகவும் அமையலாம். அது எப்போது வரமாகும், எப்போது காயமாகும் என்பதே கேள்வி. அக்கேள்விக்கு விடை தேடக் கடல் கடந்து சற்றே செல்வோம்.

சவேரியாரின் மற்றொரு கரை

1544இன் இறுதியில் தூய சவேரியார் நம் கரையில் ஊர் ஊராக நடந்து, ஒரே மாதத்தில் பதினாயிரத்துக்கும் மேற்பட்ட மக்களுக்குத் திருமுழுக்கு அளித்தார். மறு ஆண்டு மயிலாப்பூரிலிருந்து கப்பலேறி மலாக்காவை அடைந்தார். 1546 பிப்ரவரியில் அம்போன் தீவில் கால் வைத்தார். பின்னர்த் தெர்னாத்தேக்கும், வட ஹல்மகெராவும் மொரோத்தாய்த் தீவும் அடங்கிய மோரோப் பகுதிக்கும் சென்றார். கிராம்பும் சாதிக்காயும் விளையும் அத்தீவுகளே மலுக்குத் தீவுகள். இன்றைய இந்தோனேசியாவின் கிழக்குப் பகுதி. 1605இல் போர்த்துக்கீசியரிடமிருந்து அம்போனைக் கைப்பற்றிய டச்சுக் கம்பெனிதான் 1741இல் நம் குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றது. இரு கரைகளின் வரலாறும் இவ்வாறு ஒருமுறைக்கு இருமுறை தொட்டுக்கொள்கிறது.

ஆயிரக்கணக்கான தீவுகளாகச் சிதறிய இந்தோனேசியாவை மாகாணங்களாக வகுத்தே ஆள முடியும். 1998இல் கிழக்குத் தீமோரையும் சேர்த்து அங்கே 27 மாகாணங்கள் இருந்தன. சுகார்த்தோவின் ஆட்சி வீழ்ந்தபின் அதிகாரம் பரவலாக்கப்பட்டது. பெரிய மாகாணங்களும் மாவட்டங்களும் பிரிக்கப்பட்டன. கிழக்குத் தீமோர் தனிநாடாகிய பின்னரும் மாகாணங்களின் எண்ணிக்கை இன்று 38. இவ்வாறு பிரிப்பதை அந்நாட்டு மொழியில் ‘பெமெக்காரான்’ என்பர். மலர்தல் என்பது அச்சொல்லின் வேர்ப்பொருள். பிரிவை மலர்ச்சி என்று அழைக்கும் மக்கள் அவர்கள்.

ஆனால் எல்லாப் பிரிவும் மலரவில்லை. மக்கியான் என்னும் சிறுதீவின் எரிமலை அச்சத்தால், 1975இல் அத்தீவு மக்கள் வட ஹல்மகெராவின் மாலிஃபுத் பகுதியில் குடியேற்றப்பட்டனர். அது காவோ இனத்தாரின் பழைய நிலம். 1999இல் மாலிஃபுத்தை மக்கியான் மக்களுக்கான தனி உள்வட்டமாக்கும் அரசாணை வந்தது. தங்கள் ஊர்களும் அதில் அடங்குவதைக் காவோ மக்கள் எதிர்த்தனர். ஆகஸ்டில் மோதல் வெடித்தது. மக்கியான் மக்கள் முஸ்லிம்கள். காவோ மக்களுள் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். நிலத்தின் பெயரால் தொடங்கிய பூசல் விரைவில் மதத்தின் பெயரால் பரவிற்று. அம்போனிலோ அதே ஆண்டு சனவரியிலேயே கலவரம் மூண்டிருந்தது. அக்டோபரில் வட மலுக்கு தனி மாகாணமாக்கப்பட்டது. 2002 பிப்ரவரியில் மாலினோவில் உடன்படிக்கை கையொப்பமாகும் வரை மலுக்குவில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர்.

மலுக்குவில் ‘பேலா’ என்றொரு பழைய வழக்கம் உண்டு. இரண்டு ஊர்கள் உறுதிமொழியால் உடன்பிறப்புகளாகும் உறவு அது. ஒன்று கிறிஸ்தவ ஊராகவும் மற்றது முஸ்லிம் ஊராகவும் இருப்பது உண்டு. ஓர் ஊரார் ஆலயம் கட்டினால் மற்ற ஊரார் வந்து உழைப்பர். பள்ளிவாசல் எழும்பினால் கிறிஸ்தவர் சென்று உதவுவர். கலவரத்தில் இவ்வுறவும் ஆட்டம் கண்டது. ஆனால் அமைதி திரும்பியபோது மக்கள் பற்றிக்கொண்ட கயிறுகளில் ஒன்றும் இதுவே. அம்போன் நகருக்கு அருகிலுள்ள வாயாமே என்னும் ஊரில் இரு சமயத்தாரும் சேர்ந்து ஒரு குழு அமைத்து, வதந்திகளை உடனுக்குடன் விசாரித்து, கலவரக் காலம் முழுவதும் ஊரைக் காத்தனர். இன்னொன்றும் கருதத்தக்கது. அரசு மாகாணத்தை இரண்டாக்கியபோதும் அம்போன் மறைமாவட்டம் பிரியவில்லை. இரு மாகாணங்களின் கத்தோலிக்கருக்கும் ஆயர் ஒருவரே. அங்கே அரசின் நிலம் இரண்டு, மறைமாவட்டம் ஒன்று. இங்கே அரசின் மாவட்டம் ஒன்று, மறைமாவட்டங்கள் பல.

நம் கரையின் காயமும் மருந்தும்

மலுக்குவின் கதையை வேற்று நாட்டுச் செய்தியாக வாசித்துவிட்டு நாம் நகர இயலாது. 1982 மார்ச்சில் மண்டைக்காட்டில் மூண்ட கலவரம் நம் மாவட்டத்தையே உலுக்கியது. கடற்கரைக்கும் உள்நாட்டுக்கும் இடையே எந்த அரசும் எல்லைக்கல் நடவில்லை. மக்களின் மனங்களில் அது நடப்பட்டிருந்தது. துப்பாக்கிச்சூட்டிலும் வன்முறையிலும் உயிர்கள் போயின, வீடுகள் எரிந்தன. அந்நாளில் குன்றக்குடி அடிகளார் காயம்பட்ட ஊர்களுக்கு வந்து அமைதிக்கு உழைத்தார். சைவத் துறவி ஒருவர் கிறிஸ்தவக் குடிசைகளின் வாசலில் நின்றது நம் மண்ணின் பேலா.

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை மாவட்டத்தில் ஏறத்தாழ 800 பேரைக் கொண்டுசென்றது. மணக்குடியில் பழையாற்றின் கழிமுகத்தில் இரு கரைகளையும் இணைத்த பாலத்தையும் அது பெயர்த்தெறிந்தது. உள்நாட்டுப் பள்ளிகளும் திருமண மண்டபங்களும் கடலோர மக்களுக்குத் திறக்கப்பட்டன. சோற்றுப் பொட்டலம் கட்டிய கைகளின் சமயத்தை அன்று யாரும் கேட்கவில்லை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது தூத்தூர்க் கரையிலும் திருவனந்தபுரக் கரையிலும் ஒரே உயர்மறைமாவட்டத்தின் மக்கள் கடலில் மாண்டனர். இரு மாநில அரசுகளின் பதிவேடுகளில் அவர்கள் தனித்தனியே எண்ணப்பட்டனர். அவர்களுக்காக ஒப்புக்கொடுக்கப்பட்ட திருப்பலி ஒன்றே.

யோசுவா நூலின் 22ஆம் அதிகாரம் இவ்விடத்தில் நமக்குத் துணை நிற்கிறது. நாடு குலங்களுக்குப் பங்கிடப்பட்டபின் ரூபன், காத்துக் குலத்தாரும் மனாசேயின் பாதிக்குலத்தாரும் யோர்தானுக்குக் கிழக்கே திரும்பிச் சென்றனர். செல்லும் வழியில் ஆற்றோரம் பெரியதொரு பலிபீடம் கட்டினர். மற்றக் குலத்தார் அதனைத் துரோகம் எனக் கருதிப் போருக்குத் திரண்டனர். ஆயினும் வாளை எடுக்குமுன் குரு பினகாசையும் பத்துத் தலைவர்களையும் அனுப்பிக் காரணம் கேட்டனர். வந்த விடை உள்ளத்தைத் தொடுவது. யோர்தான் நம்மிடையே எல்லையாக இருப்பதால், நாளை உங்கள் பிள்ளைகள் எங்கள் பிள்ளைகளிடம் ஆண்டவரில் உங்களுக்குப் பங்கில்லை எனச் சொல்லிவிடுவார்களோ என்று அஞ்சினோம்; நாம் ஒரே மக்கள் என்பதற்குச் சாட்சியாகவே இதனைக் கட்டினோம் என்றனர். போர் தவிர்ந்தது.

எல்லையை அக்குலத்தார் அழிக்கவில்லை. யோர்தான் அங்கேயே ஓடியது. எல்லைக்கு அப்பாலுள்ள பிள்ளை அந்நியனாகிவிடக் கூடாதே என்னும் கவலைதான் அவர்களைக் காத்தது. குழித்துறையில் ஒரு பிள்ளையும் கோட்டாற்றில் ஒரு பிள்ளையுமாக வாழும் குடும்பங்கள் நம்மிடையே பல. தக்கலையிலும் மார்த்தாண்டத்திலும் மணவுறவு கொண்டவர்களும் பலர். அவர்களுக்குத் திருமணத்தாளும் பிரிவுத்தாளும் எழுதிக் கொடுப்பதோடு நம் கடமை முடிந்துவிடாது. எல்லையோரப் பங்குகள் ஆண்டுக்கு ஒருமுறையேனும் சேர்ந்து வழிபடலாம். அன்பியங்கள் அடுத்த மறைமாவட்டத்து நோயாளியையும் சந்திக்கலாம். கடலோரத்தாரும் உள்நாட்டாரும், கோவிலாரும் பள்ளிவாசலாரும் கூடியமர்ந்து பேசும் குழு ஒவ்வோர் ஊரிலும் அமைதிக் காலத்திலேயே அமையலாம். கலவரம் வந்தபின் அமைக்கும் குழுவுக்கு அழுதோரைத் தேற்றும் வேலையே மிஞ்சும்.

ஓர் ஆற்றின் நீரை மற்றோர் ஆற்றுக்குக் கொண்டுசேர்த்த முன்னோரின் வழிவந்தவர்கள் நாம். பாண்டியன் காலில் நீர் ஓட வேண்டுமெனில் ஆண்டுதோறும் தூர் வாரியாக வேண்டும். உறவுக்கும் அதே பராமரிப்பு வேண்டும். அப்பணியைத் தொடங்க எந்த அரசின் ஆணைக்கும் நாம் காத்திருக்கத் தேவையில்லை.