டாஸ் தளத்தில் யுனிக்ஸ் கருவிகள்: பழைய இயக்குதளமும் புதிய கட்டளைவரி நிரல்களும்

முன்னுரை

கணினி வரலாற்றை எழுதுவோர் இயக்குதளங்களை ஒன்றன்பின் ஒன்றாக வரிசைப்படுத்துவது வழக்கம். டாஸ் மறைந்தது, விண்டோஸ் வந்தது என்னும் இவ்வரிசை விற்பனையின் வரலாற்றையே காட்டுகிறது. ஓர் இயக்குதளம் சந்தையிலிருந்து நீங்கிய பின்னரும் அதில் உருவான கோப்புகளும் அதனை நம்பிய பணிகளும் எஞ்சி நிற்கின்றன. அவற்றைக் கைவிடாமல், பிற்காலக் கருவிகளைப் பழைய தளத்திலேயே இயக்கும் முயற்சிக்கும் ஒரு வரலாறு உண்டு. யுனிக்ஸ் மரபில் வளர்ந்த கட்டளைவரிக் கருவிகள் டாஸ், விண்டோஸ் ஆகிய தளங்களை அடைந்த முறையை இக்கட்டுரை ஆராய்கிறது. மூலநிரல் திறந்திருப்பதும் அதனைப் பேணுவோர் தொடர்ந்து கிடைப்பதுமே இத்தகைய இணைவாழ்வின் ஆயுளைத் தீர்மானிக்கின்றன என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

முன்னோடி முயற்சி

பிரையன் கெர்னிகன், பி. ஜே. பிளாகர் ஆகியோர் 1976இல் வெளியிட்ட ‘சாஃப்ட்வேர் டூல்ஸ்’ என்னும் நூல் இவ்வரலாற்றின் தொடக்கப் புள்ளிகளுள் ஒன்று. யுனிக்ஸ் பாணியிலான சிறு கருவிகளை அந்நூல் ராட்ஃபார் என்னும் மொழியில் எழுதிக் காட்டியது. ராட்ஃபார் நிரல் ஃபோர்ட்ரானாக மாற்றப்படும். ஃபோர்ட்ரான் தொகுப்பியோ அக்காலப் பெருங்கணினிகள் பலவற்றிலும் இருந்தது. எனவே யுனிக்ஸ் இல்லாத இடத்திலும் அதன் கருவிகள் இயங்க வழி பிறந்தது. லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தினர் இதனை விரிவாக்கி, 1980இல் ‘மெய்நிகர் இயக்குதளம்’ என்னும் கருத்தை முன்வைத்தனர். கோப்பைத் திறத்தல், படித்தல் போன்ற சில அடிப்படைச் செயல்களை மட்டும் ஒவ்வொரு கணினிக்கும் தனித்தனியே எழுதினால் போதும்; கருவிகளை மாற்ற வேண்டுவதில்லை என்பது அதன் சாரம். பின்வந்த முயற்சிகள் பலவற்றிலும் இவ்வடிப்படையைக் காணலாம்.

டாஸ் தளத்தில் டிஜேஜிபிபி

1981இல் வெளிவந்த எம்எஸ்-டாஸ் 16 பிட் நுண்செயலிக்கென அமைந்தது. அதன் நிரல்களுக்கு வழக்கமாகக் கிடைத்த நினைவகத்தின் எல்லை 640 கிலோபைட். ஒரு நேரத்தில் ஒரு நிரலையே இயக்கும் அத்தளத்தில் கோப்புப் பெயர் எட்டு எழுத்தும் மூன்றெழுத்துப் பின்னொட்டுமாகச் சுருங்கியது. ரிச்சர்டு ஸ்டால்மன் 1987இல் வெளியிட்ட குனூ சி தொகுப்பியோ 32 பிட் கணினியையும் பரந்த நினைவகத்தையும் எதிர்பார்த்தது.

ஓர் யுனிக்ஸ் பயனர் கூட்டத்தில் இத்தொகுப்பியை டாஸுக்குக் கொண்டுவர இயலுமா என்ற வினா எழுந்தபோது, அளவில் பெரிய அத்தொகுப்பி 16 பிட் தளத்தில் இயங்காது என ஸ்டால்மன் கருத்துரைத்தார். அக்கூற்றை அறைகூவலாக ஏற்ற டி. ஜே. டெலோரி 1989இல் டிஜேஜிபிபி திட்டத்தைத் தொடங்கினார்.

அவர் கண்ட தீர்வு டாஸைத் திருத்துவதாக அமையவில்லை. கோ32 என்னும் இடைநிரல் 80386 நுண்செயலியைப் பாதுகாப்பு முறைக்கு மாற்றி, 32 பிட் நிரலை அங்கு இயக்கியது. கோப்பைப் படிக்க வேண்டிய நேரத்தில் மட்டும் நுண்செயலி பழைய முறைக்குத் திரும்பும். டாஸ் கோப்பைப் படித்துக் கீழ் நினைவகத்தில் வைக்கும். அங்கிருந்து தரவு நிரலுக்குச் செல்லும். இவ்வகையில் டாஸ் பெரும்பாலும் கோப்புகளைக் கையாளும் பணியாளாக ஒதுங்கியது.

எனினும் பொருந்தா இடங்கள் இருந்தன. யுனிக்ஸில் ஒரு கருவியின் வெளியீடு, உடன் இயங்கும் மற்றொரு கருவிக்கு நேரே பாயும். டாஸில் இரண்டும் உடனியங்க இயலாமையால், முதற்கருவியின் வெளியீடு தற்காலிகக் கோப்பில் சேமிக்கப்பட்டு, பின்னர் அடுத்ததற்கு அளிக்கப்பட்டது. இரு புள்ளிகள் கொண்ட யுனிக்ஸ் கோப்புப் பெயர்களை மாற்ற வேண்டியிருந்தது. வரி முடிவை யுனிக்ஸ் ஒரு குறியாலும் டாஸ் இரு குறிகளாலும் காட்டியமையால் உரைக்கோப்புகளிலும் சிக்கல் எழுந்தது. இத்தடைகளுக்கிடையிலும் 1996இல் வெளியான ‘குவேக்’ விளையாட்டின் டாஸ் பதிப்பு டிஜேஜிபிபியால் தொகுக்கப்பட்டது; இம்முறையின் வலிமைக்கு இது சான்று.

விண்டோஸ் தளத்தில் இருவேறு வழிகள்

1993இல் வந்த விண்டோஸ் என்டி, அமெரிக்க அரசுக் கொள்முதல் விதிகளை நிறைவு செய்யும் பொருட்டு போசிக்ஸ் துணைத்தளம் ஒன்றைக் கொண்டிருந்தது. ஆனால் கட்டளைவரியும் கருவிகளும் அதில் இடம்பெறவில்லை. இக்குறையை நிரப்ப சாஃப்ட்வே சிஸ்டம்ஸ் நிறுவனம் ஓப்பன்என்டி என்னும் மென்பொருளை உருவாக்கியது. பின்னர் இன்டரிக்ஸ் எனப் பெயர் பெற்ற இதனை மைக்ரோசாஃப்ட் 1999இல் வாங்கியது.

சிக்னஸ் நிறுவனத்தின் ஸ்டீவ் சேம்பர்லின் 1995இல் வேறொரு வழியில் சிக்வின் திட்டத்தைத் தொடங்கினார். யுனிக்ஸ் அழைப்புகளை விண்டோஸ் அழைப்புகளாக மாற்றும் நூலகம் ஒன்றே அதன் மையம். அந்நூலகத்துடன் இணைத்து மூலநிரலை மீண்டும் தொகுத்தால் கருவி இயங்கும். எனினும் ஒரு செயல்முறை தன்னைத்தானே படியெடுத்துக்கொள்ளும் ‘ஃபோர்க்’ என்னும் யுனிக்ஸ் அழைப்புக்கு நேரான வசதியை விண்டோஸ் நிரல்களுக்கு வழங்கவில்லை. புதிய செயல்முறை ஒன்றைத் தோற்றுவித்து, பழையதன் நினைவகத்தை அதனுள் நகலெடுக்க வேண்டியிருந்தது. சிறு நிரல்களை நூற்றுக்கணக்கில் அழைக்கும் பணிகள் சிக்வினில் மெதுவாக நடப்பதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

இணைவாழ்வின் ஆயுள்

இம்மூன்றும் பின்னர் அடைந்த நிலை ஒப்புநோக்கத்தக்கது. இன்டரிக்ஸ் அதன் உரிமையாளரின் முடிவால் விண்டோஸ் 8.1 பதிப்பில் நீக்கப்பட்டது. மூலநிரல் பிறர் கையில் இல்லாமையால் அதனைத் தொடர்வோர் எவருமிலர். சிக்வினின் மூலநிரல் திறந்ததே. ஆயினும் 2009இல் வந்த 1.7 பதிப்பு விண்டோஸ் 95, 98 ஆகியவற்றுக்கான ஆதரவைக் கைவிட்டது. மூலநிரல் திறந்திருந்தாலும் பழைய தளத்துக்காக உழைப்போர் இல்லையெனில் இணைவாழ்வு முடிவுறும் என்பதை இது காட்டுகிறது. மாறாக, எம்எஸ்-டாஸின் இறுதித் தனிப்பதிப்பான 6.22 வெளிவந்தது 1994இல், டிஜேஜிபிபியின் 2.05 பதிப்போ 2015இல் வெளிவந்தது. உருவாக்கிய நிறுவனமே கைவிட்ட தளத்துக்கு, 21 ஆண்டுகளுக்குப் பின்னரும் ஆர்வலர்கள் கருவி செய்தளித்தனர்.

2016இல் மைக்ரோசாஃப்ட் லினக்ஸ் நிரல்களை விண்டோஸில் இயக்கும் துணைத்தளத்தை அறிமுகப்படுத்தியது. அதன் முதல் வடிவம் லினக்ஸ் அழைப்புகளை மொழிபெயர்த்தது. 2020இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த இரண்டாம் வடிவம் உண்மையான லினக்ஸ் கெர்னலையே மெய்நிகர் கணினியில் இயக்குகிறது.

தமிழாய்வுக்கும் இதில் பங்குண்டு. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்கள் பல, ஒருங்குறி பரவுவதற்கு முன் திஸ்கி குறியேற்றத்தில் அமைந்தவை. ‘கெ’ என்பதில் கொம்பை எழுத்துக்கு முன் வைப்பது திஸ்கி. பின் வைப்பது ஒருங்குறி. இவ்வரிசை மாற்றத்தை அறிந்த மாற்றி ஒன்று குனூ சி நூலகத்தில் உள்ளது. திஸ்கியின் அமைப்பு வெளிப்படையாக அறிவிக்கப்பட்டதாலேயே எவரும் அதற்கு மாற்றி எழுத முடிந்தது. அட்டவணை வெளியிடப்படாத தனியார் எழுத்துருக்களில் தட்டச்சான கோப்புகளுக்கு இவ்வாய்ப்பு எளிதில் கிட்டுவதில்லை.

முடிவுரை

பழைய தளமும் புதிய கருவியும் சேர்ந்து இயங்குவது அவற்றிடையே உள்ள மெல்லிய இடையடுக்கைப் பொறுத்தது. அவ்வடுக்கு ஒரு நிறுவனத்தின் உடைமையாக மட்டும் இருப்பின் நிறுவனத்தின் விருப்பம் உள்ளவரையே நிலைக்கும். பலர் கையில் இருப்பின் அவர்தம் உழைப்பு உள்ளவரை நிலைக்கும். எனவே மின்னுரைகளைச் சேமிக்கும் நூலகங்களும் தமிழாய்வாளர்களும் கோப்புகளைப் பேணுவதோடு அமையாது, அவற்றைத் திறக்கும் கருவிகளின் மூலநிரலையும் குறியேற்ற அட்டவணைகளையும் உடன் பேணுதல் வேண்டும்.