நல ஆயுள்

நோயாலும், பிறர் கையை எதிர்பார்க்க வைக்கும் நலிவாலும் முடங்காமல் ஒருவர் வாழும் காலம் நல ஆயுள் எனப்படும். மொத்த ஆயுள் நீளும் அளவுக்கு இது நீள்வதில்லை என்பதால் முதுமையியல் இதில் தனிக் கவனம் செலுத்துகிறது. கோவை வட்டாரத்தில் நல ஆயுளுக்கு எடுத்துக்காட்டாகச் சுட்டப்படுவோர், பொள்ளாச்சிப் பகுதியில் பிறந்து, தொண்ணூறு வயதைக் கடந்தும் ஆசனம் கற்பித்து, 2018இல் பத்மஸ்ரீ பெற்று, 2019இல் மறைந்த நானம்மாளும், மேட்டுப்பாளையத்தை அடுத்த தேக்கம்பட்டியில் நூறு வயதுக்குப் பின்னும் தோட்டத்து வேலையை விடாமல், 2021இல் அதே விருதைப் பெற்று, 2024இல் மறைந்த இயற்கை விவசாயி பாப்பம்மாளும் ஆவர்.

வயது ஏற ஏறத் தசை மெலிந்து வலுவிழப்பது சார்கோபீனியா எனப்படும். தரையில் அமர்ந்தவர் கை ஊன்றாமல் எழத் திணறுவது அதன் அறிகுறிகளுள் ஒன்றாகலாம். குனிந்து களை பறிப்பதும், மண் சுமப்பதும், உடலை வளைத்து ஆசனத்தில் நிற்பதும் தசைக்கும் மூட்டுக்கும் தொடர்ந்து வேலை தருவதால் இந்நலிவைத் தள்ளிப்போட உதவுகின்றன. எனினும் மரபணுவின் பங்கையும், அத்தலைமுறையில் இளமையிலேயே இறந்தோரையும் கணக்கில் கொள்ளாமல், இருவர் வாழ்வை மட்டும் சான்றாக்குவது பொருந்தாது.

செல் அளவில், பிரிவதை நிறுத்தியும் அழியாமல் தங்கி அழற்சிப் பொருள்களைச் சுரக்கும் மூப்புற்ற செல்கள் முதுமைக்கான காரணங்களுள் ஒன்றாகக் கருதப்படுகின்றன. முதுமையை மருந்தால் தள்ளிப்போடும் முயற்சிகளும் உள்ளன. ராபமைசின் என்னும் மருந்து சுண்டெலிகளின் ஆயுளை நீட்டுவது 2009இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது. மனிதரிடம் அப்பயன் இன்னும் நிறுவப்படவில்லை.