புரதத்தை எண்ண ஒரு தூண்டில்: ஆப்டமரின் கதை

கோவிட் டெஸ்ட் ஞாபகம் இருக்கா? மூக்குச் சளியில் வைரஸோட மரபணு துளியூண்டு இருந்தாலும் பிசிஆர் கண்டுபிடிச்சிடும். ஏன்னா, டிஎன்ஏவைப் பிரதி எடுக்கலாம். ஒண்ணு ரெண்டாகும், ரெண்டு நாலாகும். ஆனா பல நோய்களைக் காட்டிக்கொடுப்பது ரத்தத்தில் இருக்கும் புரதங்கள். புரதத்தை அப்படிப் பிரதி எடுக்க முடியாது. ரொம்பக் குறைவா இருந்தா, கண்ணில் படாமலே போயிடும்.

இதுக்கான விடை வேறொரு ஆராய்ச்சியில்தான் தொடங்குச்சு. 1990இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் கிரெய்க் டர்க், லாரி கோல்ட் இருவரும் ஓர் ஆர்என்ஏ துண்டில் எட்டு எழுத்துகளை மட்டும் கலைத்துப் போட்டார்கள். மொத்தம் 65,536 வகைகள். அவற்றை ஒரு வைரஸின் என்சைமோடு கலந்து, ஒட்டியதை வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்தார்கள். மிஞ்சியதைப் பிரதி எடுத்து, திரும்பத் திரும்ப அதையே செய்தார்கள். கடைசியில் ஜெயித்தவை இரண்டு. ஒன்று இயற்கையில் ஏற்கெனவே இருப்பது. இன்னொன்று, நாலு எழுத்து மாறியும் அதே அளவுக்கு நன்றாக ஒட்டியது!

அதே ஆகஸ்ட் மாதம், பாஸ்டனில் ஆண்ட்ரூ எலிங்டனும் ஜாக் சோஸ்டாக்கும் இதே மாதிரி சாயப்பொருள்களில் ஒட்டும் ஆர்என்ஏக்களைப் பிடித்து வெளியிட்டார்கள். ‘ஆப்டமர்’ என்று பெயர் வைத்தது அவர்கள்தான். ‘ஆப்டஸ்’ என்றால் லத்தீனில் பொருந்துவது.

இங்கேதான் விஷயமே இருக்கு. ஆப்டமர் ஒரு தூண்டில். ஆனா அந்தத் தூண்டிலே பிரதி எடுக்கக்கூடிய எழுத்துச் சரம்.

2002இல் ஸ்வீடனின் உப்சாலாவில் உல்ஃப் லண்டெக்ரன் குழு இதைப் பயன்படுத்தியது. பிடிஜிஎஃப் என்ற புரதத்துக்கு இரண்டு டிஎன்ஏ ஆப்டமர்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வால். இரண்டும் ஒரே புரதத்தில் உட்கார்ந்தால் வால்கள் நெருங்கும். ஓர் என்சைம் அவற்றை இணைக்கும். இணைந்த சரத்தை பிசிஆர் பெருக்கும். புரதத்தைப் பெருக்க முடியலையா, அது இருந்ததுக்கான சாட்சியைப் பெருக்கு! இப்படி அவர்கள் கண்டறிந்தது சுமார் 24,000 மூலக்கூறுகள். ஒரு சொட்டுத் தண்ணீரிலேயே கோடி கோடி கோடி மூலக்கூறுகளுக்கு மேல் இருக்கு என்பதை நினைச்சுப் பாருங்க.

அப்போ ஏன் எல்லா லேபிலும் இது இல்லை? ரத்தம் சுத்தமான கரைசல் இல்லையே. அதில் உள்ள என்சைம்கள் ஆர்என்ஏவைத் துண்டு துண்டாக்கிடும். வேற புரதங்களும் தூண்டிலில் வந்து ஒட்டும். அதனால் ஆப்டமர்களை ரசாயன ரீதியாக உறுதியாக்கும் வேலை தொடருது. நோய் முற்றுவதற்கு முன்னாடி, அந்தச் சில ஆயிரம் மூலக்கூறுகளிலேயே அதைப் பிடிக்கணும். பந்தயம் அதுக்குத்தான்.