ஒளிப்பதிவுக் கல்வி

ஒளிப்பதிவுக் கல்வி என்பது திரைப்படம், தொலைக்காட்சி, ஆவணப்படம், விளம்பரம் ஆகியவற்றுக்குக் காட்சிகளைப் படம்பிடிக்கும் கலையையும் தொழில்நுட்பத்தையும் கற்பிக்கும் படிப்பு. கேமராவை இயக்கப் பழகுவது இதில் ஒரு பகுதி மட்டுமே. வெளிச்சத்தைப் படிக்கக் கண்ணைப் பழக்குவதே இதன் உயிர்நாடி.

நிறுவனங்கள்

புனேயின் இந்தியத் திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம் 1960-இல் பழைய பிரபாத் ஸ்டுடியோ வளாகத்தில் தொடங்கப்பட்டது. கொல்கத்தாவில் சத்யஜித் ராய் பெயரிலான நிறுவனம் 1995-இல் உருவானது. சென்னை தரமணியில் எம்.ஜி.ஆர். பெயர் தாங்கிய அரசு நிறுவனம் இயங்குகிறது.

மட்டக்களப்பில் பிறந்த ஒளிப்பதிவாளர் பாலு மகேந்திரா புனேயில் பயின்றவர். 'கோகிலா', 'மூன்றாம் பிறை' ஆகிய படங்களுக்காகச் சிறந்த ஒளிப்பதிவுக்கான தேசிய விருதை இருமுறை பெற்றார். சென்னையில் பயின்ற பி.சி. ஸ்ரீராம் 'நாயகன்' (1987) படத்துக்காக அவ்விருதைப் பெற்றார். 1986-இல் வெளிவந்த 'ஊமை விழிகள்' படத்தைச் சென்னை நிறுவன மாணவர்களே உருவாக்கினர்.

பாடங்கள்

லென்ஸ், எக்ஸ்போஷர், வண்ணம், காட்சியமைப்பு, ஒளியமைப்பு ஆகியவை அடிப்படைப் பாடங்கள். தொடக்கத்தில் புகைப்படப் பயிற்சி தரப்படும். ஒருவரைச் சன்னலோரத்தில் அமர்த்தி, நிழல் விழும் கன்னத்துக்கு அருகே வெள்ளைத் தெர்மாகோல் பலகையை மெல்ல நகர்த்திப் பார்த்தால் பாடம் புரிந்துவிடும். பலகை நெருங்க நெருங்க நிழல் இளகி முகம் சாந்தமாகும். விலக விலக அதே முகத்தில் இறுக்கம் கூடும். கதைக்கு எது பொருந்தும் என்று தேர்வதே ஒளிப்பதிவாளரின் வேலை.

தொழில் வாய்ப்புகள்

படித்து முடித்தவர் பெரும்பாலும் உதவியாளராகவே தொழிலில் நுழைகிறார். அத்தகைய உதவியாளரான போகஸ் புல்லர், கேமராவிலிருந்து நடிகரின் கண் வரையுள்ள தூரத்தை டேப்பால் அளந்து, நடிகர் நகர நகரக் குவியத்தை மாற்றிக்கொண்டே இருப்பார். ஆபரேட்டிவ் கேமராமேன், வண்ணம் சீராக்கும் கலரிஸ்ட், ட்ரோன் இயக்குபவர் எனத் தனித்தனிப் பணிகளும் உண்டு. செய்தி நிறுவனங்கள், விளம்பரப் படங்கள், திருமணப் படப்பிடிப்பு, இணையத் தொடர்கள் ஆகியவையும் வேலை தருகின்றன.

சம்பளம் படத்துக்குப் படம் மாறும். வேலையில்லாத மாதங்களும் வரும். பிலிம் போய் டிஜிட்டல் வந்ததும் கருவிகளைப் பலர் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. சன்னலோரத்தில் கற்ற பாடத்தை மட்டும் எவரும் மறுபடி படிக்க வேண்டியிருக்கவில்லை.