டாக்சிசைக்ளின்

டெட்ராசைக்ளின் வர்க்கத்தைச் சேர்ந்ததும், டாக்டரின் சீட்டின்பேரிலேயே விற்கப்படவேண்டியதுமான இந்த ஆன்டிபயாடிக், கிருமிகளை நேரே கொல்வதைவிட, அவை புரதம் உண்டாக்கும் தொழிலைத் தடைசெய்து பெருக்கத்தை நிறுத்தும் இயல்புடையது. இவ்வர்க்கத்தின் மூத்த மருந்தான ஆரியோமைசின் 1948-இல் வெளிவந்தது, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் ஆராய்ச்சித் தலைமை வகித்த லெடர்லி நிறுவனத்திலிருந்து என்பது நம்மவர் அதிகம் பேசாத சரித்திரம். டாக்சிசைக்ளினோ ஃபைசர் நிறுவனத்தாரால் ஆக்கப்பெற்று, 1967-இல் அமெரிக்காவில் பிரயோகத்துக்கு வந்தது.

சென்னை ராயபுரத்துக் கிடங்குகளிலும் காசிமேட்டு மீன் கழிவிலும் கொழுக்கும் எலிகளின் மூத்திரம் மழைநீரில் கலந்து, காலில் உள்ள சிறு புண் வழியே மனித உடலில் புகுவதால் விளையும் எலிக்காய்ச்சலுக்கு இது முக்கியமான ஔஷதமாகும். நோய் இலேசாயின் 100 மில்லிகிராம் வீதம் தினம் இருவேளை ஏழு நாள் கொடுப்பது வழக்கம். முற்றினால் ஆஸ்பத்திரியில் பெனிசிலின் அல்லது செஃப்ட்ரியாக்சோன் ஊசியே கதி. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது மீனவர் இறங்கி நின்றதைப் போன்ற நீரில் உழைக்க நேருபவர்க்கு, முன்காப்பாக வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம் தருவதும் உண்டு. உண்ணிக்காய்ச்சலுக்கும் இதுவே முதல் மருந்து.

காலராவில் இதன் ஸ்தானம் இரண்டாவதே. 1992-இன் பிற்பகுதியில் சென்னையில் தலைகாட்டி வங்கம்வரை பரவிய ஓ139 என்னும் புதுக் கிருமி, ஸ்ட்ரெப்டோமைசினை எதிர்த்து நின்றும் டெட்ராசைக்ளினுக்குப் பணிந்தது. ஆயினும் தண்டையார்பேட்டைத் தொற்றுநோய் மருத்துவமனைக்குத் தூக்கிவரப்படும் காலரா நோயாளியின் பிராணனைக் காப்பது உப்புசர்க்கரைக் கரைசலும் நரம்புவழி ஏற்றும் திரவமுமே அன்றி, ஒரே தடவையாகக் கொடுக்கும் 300 மில்லிகிராம் அன்று.

இதன் தோஷங்களில் சில விழுங்கும் விதத்தைப் பொறுத்தவை. தண்ணீரின்றி விழுங்கி உடனே படுத்தால், காப்ஸ்யூல் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். ஆகவே ஒரு டம்ளர் நீருடன் விழுங்கி அரைமணி நேரம் நிமிர்ந்திருக்கவேண்டும். தோல் வெயிலைத் தாங்காது சிவந்து எரியுமாதலால், படகிலும் துறைமுகத்திலும் பகல் முழுதும் நிற்பவர்க்கு இந்த எச்சரிக்கையை டாக்டர் வாய்விட்டுச் சொல்வது அவசியம் என்பேன். இரும்புச்சத்து மாத்திரை, வயிற்றெரிச்சல் மருந்து, பால் ஆகியவற்றோடு சேர்த்து உண்டால் மருந்து முழுதும் உடலில் சேராது. கர்ப்பிணிகளுக்குப் பொதுவாக விலக்கு. எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பல்லில் கறை படியும் என்ற பழைய அச்சம், உண்ணிக்காய்ச்சல் போன்ற ஆபத்தில் குறுகிய காலம் கொடுப்பதைப் பற்றிய மட்டில் இப்போது தணிந்திருக்கிறது. பெரும்பகுதி குடல்வழியே வெளியேறுவதால், சிறுநீரகம் பழுதுற்றவர்க்கும் பெரும்பாலும் அளவைக் குறைக்காமலே கொடுக்கலாம்.

டெங்கு முதலிய வைரஸ் காய்ச்சலில் இதற்கு வேலையே இல்லை. டாக்டரின் சீட்டு வேண்டும் என்பதைக் காட்டும் சிவப்புக்கோடு அட்டையில் இருந்தும், மெடிக்கல் ஷாப்பில் 'காய்ச்சல் மாத்திரை' என்று கேட்டு இரண்டு மட்டும் வாங்கிப்போகும் வழக்கம் திருவொற்றியூர் வரையில் நீடிக்கிறது.